மஞ்சக் கலரு ஸ்விஃப்ட்டும் மாமன் ரோசனையும்

மாப்ளே, நீ வாட்சப்புல தாட்டி விட்ட படம் வந்து சேந்துச்சு. கண்ணாடியப் போட்டுட்டு மூணு தடவ பெருசு பண்ணிப் பாத்தேன். நல்ல மஞ்சக் கலரு. நலங்கு வெச்சு உக்கார வெச்ச மாப்பிள்ளையாட்டம் மின்னுது. பின்னால ஒரு றெக்கை, ரெண்டு பக்கமும் பொகைக் கொழாய், டிக்கி மேல ‘ஸ்போர்ட்’னு செகப்பு எழுத்து. கீழ நீ எழுதியிருக்கறே: “மாமா, 2015 ஸ்விஃப்ட் ஸ்போர்ட், கோயமுத்தூர்ல ஒரு செகண்ட்ஸ் கடையில நிக்குது, ஆறரை லட்சம் சொல்றான், முடிச்சுரலாமா?”

முடிச்சுரலாம். காரையா, உன்ற காசையாங்கறதுதான் கேள்வி.

ரோசனை சொல்லறதுக்கு நான் கார் கம்பெனில வேலை பாத்தவனில்ல. முப்பது வருசம் சோமனூருப் பக்கம் விசைத்தறி ஓட்டுனவன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. அந்த சுசுகிகாரனும் எங்க கூட்டந்தான். சப்பான்ல ஹமமட்சுன்னு ஒரு ஊரு. அங்க 1909ல மிச்சியோ சுசுகிங்கறவரு ஆரம்பிச்சது தறிப் பட்டறை. சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுனது 1952ல, காருன்னு ஒண்ணு செஞ்சது 1955ல. டொயோட்டாகாரன் பூர்வீகமும் தறிதான், அதை விடு. தறிக்காரன் புத்தி எப்பிடின்னு உனக்குத் தெரியாது, நீ கம்ப்யூட்டர்ல பொழைக்கறவன். ஒரு இழை எச்சாப் போனா அன்னிக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வராது. இந்த ஸ்விஃப்ட்டைச் செஞ்சவனுக்கும் அதே சீக்குத்தான். நூறு கிராம் எச்சா இருந்தா எங்க வெட்டலாம்னு பாத்துட்டே இருப்பான். இதை மனசுல வெச்சுக்க, பொறவு வேணும்.

மொதல்ல சாதா ஸ்விஃப்ட்டைப் பத்திப் பேசிரலாம். சாதாதானேன்னு நீ மூஞ்சியச் சுளிக்கறது எனக்கு இங்க இருந்தே தெரியுது. நம்ம நாட்டுல அது 2005 மே மாசம் வந்துச்சு. அது வரைக்கும் சின்னக் காருன்னா நம்மாளுக நெனப்புக்கு மொதல்ல வர்றது மாருதி 800தான், தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி. இது வந்து நின்னப்போ டீக்கடையில எல்லாரும் கிளாஸைக் கீழ வெச்சுட்டுப் பாத்தாங்க. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 87 குதிரை. 2007ல டீசல் வந்துச்சு. அந்த எஞ்சினோட பூர்வீகம் இத்தாலி, ஃபியட்டுது. நம்மாளுக மைலேஜைப் பாத்துட்டு அது பின்னாலயே போயிட்டாங்க.

பொறவு 2010ல பெட்ரோல் எஞ்சின் 1.3ல இருந்து 1.2 ஆச்சு. ஏன்? நாலு மீட்டர் நீளத்துக்குள்ள இருக்கோணும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ள இருக்கோணும், அப்பிடி இருந்தா வரி கம்மின்னு சர்க்காரு சொல்லியிருந்துச்சு. அந்த எஞ்சினைச் சிறுசு பண்ணச் சொன்னது எஞ்சினியர் இல்ல மாப்ளே, ஆடிட்டர். ஆனா நல்ல எஞ்சின். குத்தம் சொல்ல முடியாது. 2011ல ஒருக்கா, 2018ல ஒருக்கா, 2024ல ஒருக்கா காரையே புதுசு பண்ணுனாங்க. இப்ப வர்றது மூணு சிலிண்டர், 82 குதிரை. அதுக்கு முன்னால இருந்த நாலு சிலிண்டர்ல 90 குதிரை. புதுசுன்னா கூடத்தான் இருக்கும்னு நெனைக்கறது உன்ற வயசு. லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர்னு கம்பெனி கணக்குச் சொல்லுது, அந்த எட்டுக் குதிரை அங்கதான் போச்சு. மூணு காலு முக்காலி ஆடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மூணு சிலிண்டர் சிக்னல்ல நிக்கறப்போ லேசா ஆடுது. முக்காலி செஞ்ச ஆசாரி கெட்டிக்காரன்.

இப்ப நீ உருகற ஸ்போர்ட்டுக்கு வாரேன்.

நம்ம பக்கம் ரேக்ளா பாத்திருப்பே. காங்கேயங் காளை. ஒரே தொண்டுப்பட்டியில பொறந்த ரெண்டு கன்னு. ஒண்ணு எருவு வண்டி இழுக்குது, ஏரு ஓட்டுது, சந்தைக்குப் போயிட்டு வருது. இன்னொண்ணு இருநூறு மீட்டர் ரேக்ளாவுக்குன்னே வளந்தது. பருத்திக்கொட்டை, முட்டைன்னு அதுக்குத் தனித் தீனி. பூட்டற வண்டியும் வேற, ஒத்தையாளு தூக்கிருவான், அத்தனை லேசு. ஆனா அதுவும் அதே காளைதான். கொம்பு மாறல, திமில் மாறல.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் அப்பிடித்தான். சப்பான்ல 2003ல மொதல் ஸ்போர்ட் வந்துச்சு, 1.5 லிட்டர், 115 குதிரை. 2005ல 1.6 லிட்டர், 125 குதிரை. 2011ல அதே 1.6ஐக் கடைஞ்செடுத்து 136 ஆக்கி, ஆறு கியர் வெச்சாங்க. 2017ல டர்போ போட்ட 1.4 லிட்டர், 140 குதிரை. 140தானான்னு நீ கேப்பே. சிலுக்குச் சட்டை போட்டுட்டு வர்ற சீமைக் காருகள்ல முந்நூறு நானூறெல்லாம் இருக்குதே மாமான்னு சொல்லுவே. எடையப் பாருடா கண்ணு. 970 கிலோ. டர்போ, பெரிய பிரேக், பதினேழு அங்குல வீலு எல்லாம் வெச்சும் டன்னுக்கு முப்பது கிலோ கம்மி. அங்கதான் தறிக்காரன் நிக்கறான். மத்தவன் வேகம் வேணும்னா எஞ்சினைப் பெருக்குவான், எஞ்சின் பெருத்தா பிரேக்கைப் பெருக்குவான், பிரேக் பெருத்தா எடை பெருக்கும், எடை பெருத்தா மறுக்கா எஞ்சினைப் பெருக்குவான். கடன் வாங்கி வட்டி கட்டற கதை. இவன் அந்தத் தொழிலே வேண்டாம்னு எடையக் கொறச்சுட்டான். ஒரு குதிரைக்கு ஏழு கிலோ பாரம். சாதாவுல ஒரு குதிரைக்குப் பதினோரு கிலோ. நூறு கிலோமீட்டர் வேகம் புடிக்க எட்டு நொடியும் கொஞ்சமும் ஆகும். நீ பாக்குற படத்துல வர்ற காருகளுக்கு அது தூங்கி எந்திரிக்கற நேரம். ஆனா வளைவுல பாத்தா வேற கணக்கு.

இன்னும் ஒண்ணு எனக்கு நெம்பப் புடிச்சது. 2017ல அந்த டர்போ ஸ்போர்ட்டுக்கு அவங்க ஊருல வெலை 18,36,000 யென். அன்னிக்குக் கணக்குல பத்து பதினோரு லட்ச ரூவா. அந்த ஊருப் பையன் சம்பளத்துல வாங்கற வெலை. பணக்காரன் ஊட்டுக் கொட்டகையில போர்வை போத்தி நிக்கற வண்டியில்ல. திங்கக்கெழமை வேலைக்குப் போயிட்டு, ஞாயித்துக்கெழமை மலைத் தடத்துக்குப் போறதுக்குச் செஞ்சது. நல்ல சாமானுக்கு அதான் அடையாளம்னு நான் சொல்லுவேன். உலக ரேலியிலயும் சின்னப் பசங்க பந்தயத்துல ஸ்விஃப்ட்டு செயிச்சிருக்குது. 2007ல சுவீடன்காரர் பெர்-குன்னார் ஆண்டர்சன் அந்த ஜூனியர் பட்டத்தை ஸ்விஃப்ட்டுலதான் வாங்குனாரு.

ஏது, மாமன் நம்ம பக்கம் சாயறான்னு உனக்கு இப்ப வாயெல்லாம் பல்லா இருக்கும். இரு.

அந்த ஸ்போர்ட்டு நம்ம நாட்டுல வித்ததே இல்ல மாப்ளே. ஒரு நாளும் இல்ல. ஷோரூமுக்கு வந்ததே இல்ல. அப்பறம் கோயமுத்தூர் கடைக்கு எப்பிடி வந்துச்சு? கப்பல்ல கொண்டாந்தா சுங்கமும் மத்த வரியும் சேந்து இன்னொரு காரு வெலைக்குக் கிட்ட வரும். அவ்வளவு குடுத்துக் கொண்டாந்தவன் அதை ஆறரை லட்சத்துக்கு உனக்குத் தருவானா? உன்ற மூஞ்சிக்கா?

சந்தேகமா இருந்தா மூணே மூணு எடத்துல பாரு. கியர் குமிழ்ல 6 இருக்குதான்னு பாரு. 2011க்குப் பொறவு வந்த ஸ்போர்ட்டுல கியர் போட்டு ஓட்டற வண்டின்னா ஆறு இருக்கும். நீ தாட்டுன படத்துல அஞ்சுதான் தெரியுது. பின் சக்கரத்து ஓட்டை வழியா எட்டிப் பாரு. ஸ்போர்ட்டுல பின்னாலயும் டிஸ்க் பிரேக். நம்மூரு ஸ்விஃப்ட்டுல டிரம், ஈயப் பானையக் கவுத்த மாதிரி இருக்கும். கடைசியா ஆர்சியில சிசி எத்தனைன்னு பாரு. 1197னு போட்டிருந்தா, அது நம்ம ஆறுமுகத்தண்ணன் ஊட்டுல பால் கேன் ஏத்திட்டுப் போற ஸ்விஃப்ட்டுதான். 84 குதிரை. பருத்திக்கொட்டை தின்னாத காளை. கொம்புக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சு, பொங்கலுக்கு நிறுத்துன மாதிரி நிறுத்தியிருக்கறான்.

பெயிண்ட்டுன்னதும் ஞாபகம் வருது. அந்த மஞ்சக் கலர மாத்துனது ஆர்சியில ஏறியிருக்குதான்னு கேளு. ஏறலைன்னா போலீசு புடிக்கறப்போ நீ அண்ணாந்து மேகத்தைப் பாக்கோணும். அந்தப் பொகைக் கொழாய், வழியில போறவனைத் திடுக்குன்னு எழுப்பற சத்தம், அதெல்லாம் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல சிக்கற சமாச்சாரம். கம்பெனி எப்பிடிச் செஞ்சு குடுத்துச்சோ அதுக்கு மாறா வண்டியைத் திருத்தப்படாது. 2019 சனவரியில உச்ச நீதிமன்றமே அதை அழுத்திச் சொல்லிருச்சு. ஒரு மோதல்னு வந்தா, காரை மாத்திட்டீங்களேன்னு இன்சூரன்ஸ்காரன் ஒரு பேச்சு ஆரம்பிப்பான் பாரு, அதைக் கேக்க உங்கம்மாவுக்குப் பொறுமை பத்தாது. என்ற அக்காளை எனக்குத் தெரியும்.

நீ தாட்டுன படத்துல அந்தக் காருக்கு மாட்டியிருக்கற பதினேழு அங்குல வீலு இருக்குதே, அதைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. அந்தக் காரு பொறக்கறப்போ போட்டுட்டு வந்தது பதினாலு, இல்லைன்னா பதினஞ்சு. சப்பான்ல ரோடு தோசைக்கல்லு மாதிரி. அவன் ஸ்போர்ட்டுக்குத் தரைக்கும் காருக்கும் நடுவுல 120 மில்லிமீட்டர் வெச்சாப் போதும்னு உட்டுட்டான். நம்ம ஸ்விஃப்ட்டு 160க்கு மேல நிக்குது, அதுவே உங்க சரவணம்பட்டி வேகத்தடையில வகுத்தைத் தேய்ச்சுட்டுப் போகுது. அங்க தெருவுக்கு ஒருத்தன் வேகத்தடை கட்டறான், எங்க ஊருல திண்ணை கட்டற மாதிரி. அதுல பப்படத்தாட்டம் டயரும் பெரிய வீலும் போட்டுட்டு ஏறுனீன்னா, குழியில உழுகறப்போ வீலு நெளியும், உன்ற முதுகெலும்பும் நெளியும். ஒண்ணுக்கு மெக்கானிக், ஒண்ணுக்கு வைத்தியரு.

சரி, மாமன் எல்லாத்தையும் வேண்டாங்கறான்னு நெனைக்காத. செகண்ட்ஸ்ல ஸ்விஃப்ட்டு வாங்கறது நல்ல ரோசனைதான். எப்பிடிப் பாக்கறதுன்னு சொல்றேன், கேட்டுக்க. காலையில போ, எஞ்சின் ஆறியிருக்கறப்போ போ. நீ வர்றேன்னு தெரிஞ்சு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணிச் சூடு பண்ணி வெச்சிருந்தான்னா, அன்னிக்குத் திரும்பி வந்துரு. பேனட்டு மேல கைய வெச்சுப் பாத்தாத் தெரியும், குழந்தைக்குக் காய்ச்சல் பாக்கற மாதிரி. பேனட்டைத் தூக்கி அதோட போல்ட்டைப் பாரு. ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தா அந்த மூஞ்சி ஒருக்கா எங்கயோ முட்டியிருக்குது. டயரு பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒண்ணு இருக்கும். மொத ரெண்டு வாரம், பின் ரெண்டு வருசம். 3521னு இருந்தா 2021ல முப்பத்தஞ்சாவது வாரம் செஞ்சது. மீட்டர்ல முப்பதாயிரம் கிலோமீட்டர்னு காட்டி, மூணாவது செட்டு டயரு ஓடுதுன்னா மீட்டரைத் திருப்பியிருக்கறான்னு அர்த்தம். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாரு, ஸ்டீரிங் வழுவழுன்னு தேஞ்சிருக்குதான்னு பாரு. மீட்டர் பொய் சொல்லும், ரப்பர் சொல்லாது. ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு வட்டம் போடு. முன் சக்கரத்துல கடகடன்னு சத்தம் வந்தா வெலையில பத்தாயிரத்தைக் கொறை.

உள்ள ஏறி உக்காரு. பின் சீட்டுல உங்கப்பனை உக்கார வெச்சுப் பாரு. முட்டி இடிக்கும், அது ஸ்விஃப்ட்டோட பொறவிக் குணம், அதுக்கு வெலை கொறைக்க முடியாது. 2015 வண்டியில டிக்கி 204 லிட்டர்தான். கண்ணாலத்துக்குப் போனா ஒரு சீர்த் தட்டு வெக்கலாம், ரெண்டாவது தட்டை அத்தை மடியில வெச்சுட்டு வரோணும். 2018 காருல அது 268 ஆச்சு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்றேன். 2014ல வெளிநாட்டு அமைப்பு ஒண்ணு, குளோபல் என்கேப், ஏர்பேக் இல்லாத நம்மூரு ஸ்விஃப்ட்டைச் செவுத்துல முட்டிப் பாத்து ஒரு நட்சத்திரங்கூடத் தரல. 2018 காருக்கு ரெண்டு குடுத்தாங்க. 2022ல சோதனையக் கடுசு பண்ணுனதும் ஒண்ணுக்கு எறங்கிருச்சு. இப்ப வர்ற புதுசுல ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் உண்டு. 2015 வண்டி வாங்கறதுன்னா ஏர்பேக் இருக்கற மாடலான்னு பாத்து வாங்கு. றெக்கை வெச்சவன் ஏர்பேக் வெச்சிருக்க மாட்டான்.

ஓட்டறது எப்பிடின்னு கேட்டீன்னா, சாதா ஸ்விஃப்ட்டுலயே சொகம் இருக்குது மாப்ளே, அதுக்கு எழுத்து ஒட்ட வேண்டியதில்ல. ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு. நாலு வருசத்துக்கு முன்னால உங்க அத்தைய உக்கார வெச்சுட்டு ஏறுனேன். ரெண்டாவது கியரு, மூணாவது கியரு, மறுக்கா ரெண்டாவது. ஸ்டீரிங்கைத் திருப்புனா மூக்கு அந்தக் கணமே திரும்புது. வண்டி சின்னது, லேசு, வளைவுல என்ன பண்ணுதுன்னு இடுப்புக்குத் தெரியுது. பதிமூணாவது வளைவு வரைக்கும் அத்தை பேசல. பதினாலாவதுல, “நீங்க என்ன நாராயண் கார்த்திகேயனுங்களா?”ன்னு கேட்டா. அந்தப் பையனும் நம்ம கோயமுத்தூர்தானேன்னு சொல்லி வெசைய எச்சுப் பண்ணுனேன். அப்பறம் அட்டகட்டியில டீ வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு.

அந்தப் பையன் பந்தயத்துல மொதல்ல ஓட்டுனது எது தெரியுமா? ஃபார்முலா மாருதி. கோயமுத்தூர்க்காரரு கரிவர்தன், மாருதி 800ல இருக்கற அதே 796 சிசி எஞ்சினை வெச்சுக் கட்டுன ஒத்தை ஆளு பந்தயக் காரு. செட்டிப்பாளையத்துல இருக்கற ரேஸ் மைதானத்துக்கு அவரு பேருதான் வெச்சிருக்காங்க. காய்கறி வாங்கப் போற காரோட எஞ்சின்ல பந்தயம் உட்டு, அதுல இருந்து ஃபார்முலா ஒன்னுக்கு ஒருத்தன் போயிருக்கறான். நீ என்னடான்னா 84 குதிரை எனக்குப் பத்தாதுங்கறே. தெனமும் சரவணம்பட்டி சிக்னல்ல நாப்பது நிமிசம் நிக்கறதுக்கு எத்தனை குதிரை வேணும்? ஒண்ணு போதும், அதுவும் நொண்டியா இருந்தாப் பரவால்ல.

டர்போ வேணும்னு அடம் புடிச்சீன்னா, 2017ல பெலினோ ஆர்எஸ்னு ஒண்ணு நம்மூருலயே வித்தாங்க. ஒரு லிட்டர் டர்போ, நூத்திச் சொச்சம் குதிரை. நல்ல வண்டி. ரெண்டு மூணு வருசத்துல நிறுத்திட்டாங்க. உன்னையாட்டம் ஸ்போர்ட்டு ஸ்போர்ட்டுன்னு பேசறவங்கெல்லாம் கடைசியில டீசலுக்கே கையெழுத்துப் போட்டாங்க.

அப்ப என்னதான் வாங்கறதுன்னு கேப்பே. நானும் நெம்ப ரோசனை பண்ணுனேன். உனக்குத் தோதா இருக்கறது பழைய 1.3 பெட்ரோல்தான். 2009 மாடல். நாலு சிலிண்டர், 87 குதிரை, ஆடிட்டர் கை வெக்காத எஞ்சின். நீ பாத்த மஞ்சக் காரைக் காட்டியும் மூணு குதிரை எச்சு, அதை யோசிச்சியா? ஒரே ஓனரு, நல்ல குடும்பம். அந்த மாதிரி வண்டி வெளியில கிடைக்காது, ஆனா எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு நம்ம பொடக்காளியில நிக்குது.

சிரிக்காதடா. வால்பாறை ஏறுன வண்டி அதுதான். இடது கதவு நெளிசல் உங்க அத்தை கெணத்து மேட்டுல உரசுனது, எஞ்சினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டிக்கியில புண்ணாக்கு வாசம் கொஞ்சம் வரும், நாலு நாளு தெறந்து வெச்சாப் போயிரும். பதினஞ்சு வருசம் தாண்டிருச்சு, ஆர்சி புதுப்பிக்கோணும், ஆர்டிஓ ஆபீசுல அஞ்சாயிரமும் பசுமை வரியும் கட்டோணும். அதை வாங்கறவங்க பாத்துக்கறதுதான் முறை. போல்ட்டை எல்லாம் வந்து பாக்கறேங்காத, மாமன்கிட்டப் போல்ட்டுப் பாக்கறது மரியாதை இல்ல. வெளியாளுக்கு ரெண்டு லட்சம் சொல்றேன். உனக்கு ரெண்டே கால். சொந்தத்துக்குக் குடுத்தா பொறவு ஆயுசுக்கும் நான்தானே பதில் சொல்லோணும், அந்தக் கால் லட்சம் அதுக்கு.

புது ஸ்விஃப்ட்டுக்கு நான் அட்வான்ஸ் கட்டுனதை உங்கம்மாகிட்டச் சொல்லாத. அத்தைக்கே இன்னும் தெரியாது.

அப்பறம் மாப்ளே, அந்த செகண்ட்ஸ் கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு, அந்தப் பதினேழு அங்குல வீலு நாலையும் தனியாக் குடுப்பானான்னு. புது வண்டிக்குச் சேருமான்னு ஒரு இதுக்குத்தான். உனக்குன்னு கேளு, என்ற பேரைச் சொல்லாத.